அழிக்காதே, சுருக்கு

அந்தக் காதுப் பரிசோதனை நிலையத்தில் மூன்று அறைகள். முன்னறையில் காத்திருப்போருக்கான நாற்காலிகள். நடுவறையில் ஓசை புகாத கண்ணாடிக் கூண்டு. பின்னறையில், செவிக்கருவிகளை அவரவர் காதுக்கு ஏற்றபடி அமைத்துத் தரும் கணினி. அந்தக் கணினியின் விசைப்பலகையைத் தொடும் முன், அக்கா நாள்தோறும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு விசையாகத் துடைப்பார். நாள்தோறும் பஞ்சு மஞ்சளாகவே வெளிவரும். அது பிறர் காதுக் குறும்பி. நிலையத்தின் உரிமையாளராகிய அவருடைய தம்பி, ஒருவர் காதிலிருந்து கருவியைக் கழற்றிய அதே விரலால் அப்படியே தட்டச்சு செய்வார். "கையைக் கழுவுடா" என்று அக்கா சொல்லாத வாரமில்லை. "இப்பத்தானே கழுவினேன்" என்று தம்பி சொல்லாத வாரமுமில்லை. பஞ்சு மட்டும் பொய் சொல்லாது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தம்பி அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, எண்பது வயதுக் கிழவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தனர். முப்பத்தோர் ஆண்டுகள், எடை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் நிரல் எழுதினார். காய்கறிக் கடைத் தராசு முதல், லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுக்கும் மேடை வரை, அவர் எழுதிய நிரல்கள் ஓடின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்தில் நூறில் ஒரு பங்கு இடம்கூட அந்நாளைய இயந்திரத்தில் இராது. நிரல் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு வரி மிகுந்தாலும் இயந்திரம் வாய் திறக்காது. ஆகவே, இருக்கும் இடத்துக்குள் இருந்துகொள்வது அவருக்கு எலும்போடு ஊறிப்போன பழக்கம். வேறொன்றும் ஊறியிருந்தது. பிறருடைய கணினிக் கோப்பு எதையும், உரியவர் வாய்ச்சொல் இல்லாமல் அழிக்கக் கூடாது. அந்த முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் ஒன்றைக்கூட அப்படி அழித்ததில்லை.

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே தம்பி வீட்டுக்கு வந்து, "சும்மாதானே இருக்கே, வந்து நம்ம கம்ப்யூட்டரைப் பாத்துக்கோயேன்" என்றார். அக்கா வந்து பார்த்தார். பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

கணினி வட்டின் கொள்ளளவு நூற்றுப்பத்து ஜிபி. அதில் அறுபத்திரண்டு ஜிபி தம்பியின் முகம். 'காதைக் காப்போம்' என்ற தலைப்பில் அவர் காணொளிகள் எடுத்து வெளியிடுவார். ஒவ்வொன்றையும் பதினைந்து, பதினாறு முறை எடுப்பார். வெளியானது ஒன்றென்றால் வட்டில் கிடப்பவை பதினாறு. தொண்டையைச் செருமியது, தலை சீவிக்கொண்டது, மூக்கைச் சொறிந்துவிட்டு "முதல்ல இருந்து எடுப்போம்" என்றது, எல்லாம் இருந்தன. பெயர்களோ இன்னும் கேவலம்: 'கடைசி', 'கடைசி இரண்டு', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி'. ஒருநாள் அக்கா ஒன்றைத் திறந்து பார்த்தார். நான்கு நிமிடம் முழுக்க, பல்லிடுக்கில் சிக்கியதைத் தம்பி நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு ஜிபி.

"இதெல்லாம் எதுக்குடா வச்சிருக்கே?"

"இருக்கட்டும்க்கா. என்னைக்காவது தேவைப்படும்."

"நீ பல்லு குத்தறது யாருக்குடா தேவைப்படும்? பல் டாக்டருக்கா?"

"கிண்டல் பண்ணாதக்கா. எதையும் அழிக்கக் கூடாது, வெளியே எடுத்தும் வைக்கக் கூடாது. என் பொண்ணு போட்டோ போனது ஞாபகம் இல்லையா உனக்கு?"

ஞாபகம் இருந்தது. மகளுடைய முதல் ஐந்து வயதுப் படங்களைத் தம்பி வெளிவட்டு ஒன்றில் மாற்றி வைத்தார். அது மேசையிலிருந்து விழுந்து செத்தது. ஒரு படமும் மீளவில்லை. அன்று அவர் அழுத அழுகையை அக்கா பார்த்திருக்கிறார். அதற்காக மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அந்தத் துக்கத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, பல் குத்தும் காட்சிகளை அதன் கீழ் நிறுத்தி வைப்பதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. வட்டை மாற்றலாமென்றால், அது செவிக்கருவி நிறுவனம் கொடுத்த மூடிய பெட்டி. திறந்தால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்? இடமில்லைனு மிஷின் கத்துதே."

"நீதான் முன்னாடி எல்லாத்தையும் சுருக்கி வைப்பேன்னு சொல்வியே. ப்ரோக்ராமை எல்லாம் சுருக்கிடு. அதை யாரு பாக்கப் போறாங்க?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அது செய்யக்கூடிய காரியம்தான். நிரலின் இயங்கு கோப்பை மடக்குக் கட்டில் போல மடக்கி வைக்கும் கருவி உண்டு. வட்டில் அது பாதி இடத்தில் கிடக்கும். அழைத்தால் நினைவகத்தில் தானே விரிந்துகொண்டு, ஒன்றும் நடவாதது போல வேலை செய்யும். தொழிற்சாலையில் அக்கா அதைப் பலமுறை செய்திருக்கிறார். அங்கே இடம் உண்மையிலேயே இல்லை. இங்கே இடத்தை ஒருவர் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமல், வேலை செய்கிறவர்களை ஒடுங்கி நிற்கச் சொல்வதுதான் இந்தத் திட்டம். நினைக்கவே முகம் சுளித்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

ஒரு கோடு போட்ட குறிப்பேடு வாங்கினார். நிரலின் பெயர், பழைய அளவு, புதிய அளவு, சோதித்த நாள், மூலக்கோப்பை நீக்கிய நாள் என்று ஐந்து பத்திகள் பிரித்தார். ஒரு நிரலைச் சுருக்கினால், மூன்று நாள் அதை எல்லா வேலைக்கும் பயன்படுத்திப் பார்த்த பிறகே மூலக்கோப்பை நீக்குவது அவருடைய முறை. இரண்டாம் நாளே ஆண்டிவைரஸ் குரைக்கத் தொடங்கியது. சுருங்கிய நிரல் அதன் கண்ணுக்கு முகத்தை மூடிக்கொண்டு வருகிறவன். திருட்டு நிரல்களும் இப்படித்தான் மடிந்து வருகின்றன. நிரல்கள் இருந்த கோப்புறையின் பக்கம் பார்க்காதே என்று அதற்குக் கட்டளையிட வேண்டியதாயிற்று. காவல்காரனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வேலை செய்ய அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று வீட்டுக்குப் போய்க் கைகளை இருமுறை கழுவினார்.

மூன்று வாரத்தில் அறுபத்து நான்கு நிரல்களைச் சுருக்கினார். மூன்றரை ஜிபி மீந்தது. குறிப்பேட்டின் அடியில் அந்த எண்ணை எழுதியபோது, வெகு நாளைக்குப் பிறகு ஒரு நிறைவு வந்தது. அதைத் தம்பியிடம் சொன்னதுதான் பிழை.

"மூன்றரையா? சபாஷ் அக்கா!" என்றார் தம்பி. மறுநாளே மழைக்காலத்தில் காதைப் பேணுவது பற்றிக் கேமரா முன் பதினேழு முறை பேசினார். வியாழக்கிழமை காலையில் கணினி மறுபடி கத்தியது. ஒரு முதியவளின் கேட்புச் சோதனை வரைபடம் சேமிக்க இடமின்றி அப்படியே மறைந்தது. அவளை மீண்டும் கூண்டுக்குள் உட்கார வைத்து, "ஒண்ணுமில்லை, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று அக்கா சொன்னபோது, தம் குரலே தமக்குப் பிடிக்கவில்லை.

அக்கா சுருக்காமல் விட்டு வைத்திருந்தது ஒன்றே ஒன்று. செவிக்கருவியை அமைக்கும் நிரல். எல்லாவற்றிலும் பெரியது, ஏறத்தாழ ஒரு ஜிபி. அன்று அதையும் சுருக்கினார். 'இக்கோப்பில் தயாரிப்பாளரின் மின் கையொப்பம் உள்ளது. சுருக்கினால் நீங்கிவிடும்' என்று கருவி எச்சரித்தது. ஆம் என்று அழுத்தினார். பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. திறந்து பார்த்தார், நோயாளர் பட்டியல் வந்தது, வரைபடம் வந்தது, எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அளவைப் பார்த்து அவருக்குள் அந்தப் பழைய தொழிற்சாலைக்காரி மெச்சிக்கொண்டாள். மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது அவரே வகுத்த விதி. முன்னறையில் நால்வர் காத்திருந்தனர். மூலக்கோப்பை அப்போதே நீக்கிவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை சோதனைகள் மட்டுமே நடந்தன. யாருக்கும் கருவி அமைக்கும் வேலை இல்லை. தம்பியும் அன்றே செவிக்கருவி விற்பனையாளர் மாநாட்டுக்காக வெளியூர் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பேருந்து நடத்துநர் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்நிலையத்துக்கு வருகிறவர். பழைய கருவிகளில் ஒன்று முழுக்கச் செத்து, மற்றது பாதி செத்துக் கிடந்தது. அவருக்கென வரவழைத்த புதிய கருவிச் சோடி முந்தின நாள் மாலைதான் வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு மெடிக்கல் டெஸ்டு" என்றார், தம் குரல் தமக்கே கேட்காத உரத்த குரலில். "பாஸ் ஆனா பஸ். இல்லேன்னா டிப்போல பஸ்ஸைக் கழுவற வேலை. இருபத்தாறு வருஷமா பஸ்ஸுக்கு உள்ளே நின்னவன், வெளியே நின்னு கழுவணும்னா மானம் போயிடும்க்கா."

அக்கா சிரித்து, அவரை உட்கார வைத்து, கேட்புச் சோதனை எடுத்து, புதிய கருவிகளைக் கணினியோடு இணைக்கும் கம்பியில் பொருத்தினார். நிரலைத் திறந்தார். வரைபடம் வந்தது. அளவுகளைச் சரிசெய்து, கருவியில் எழுது என்று அழுத்தினார்.

திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று தோன்றியது. 'நிரல் மாற்றப்பட்டுள்ளது. பாதுகாப்புக் கருதிக் கருவியில் எழுத இயலாது.'

அக்காவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. மனிதர் காதுக்குள் ஓசையைச் செலுத்தும் நிரல் அது. கெட்டுப்போன நிரல் ஒருவர் செவிப்பறையைக் கிழித்துவிடக் கூடாது என்று, எழுதும் தருணத்தில் தன் கையொப்பத்தைத் தானே சரிபார்க்கும்படி செய்திருக்கிறார்கள். திறக்கும்போது பார்ப்பதில்லை, எழுதும்போது மட்டும் பார்க்கிறது. அவர் திறந்து மட்டுமே பார்த்தார். மீண்டும் விரித்தாலும், போன கையொப்பம் வராது. மூலக்கோப்பு இல்லை. நிறுவனம் கொடுத்த பென் டிரைவிலிருந்து நிரலைப் புதிதாக நிறுவலாம். ஆனால் அதற்கு ஐந்து ஜிபி வெற்றிடம் வேண்டும். வட்டில் இருந்தது அரை ஜிபி.

இதுவரை தம்பியின் மேல் இருந்த அருவருப்பு இப்போது தம் மேல் திரும்பியது. குறும்பி படிந்த விரலைவிட, தாமே எழுதி வைத்த விதியைத் தாமே மீறிய விரல் அசிங்கமாகத் தோன்றியது.

நடத்துநர் அவர் முகத்தைப் பார்த்தார். "என்னக்கா, மிஷின் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா?"

அக்கா ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினார்: 'மிஷின்மேல் தப்பில்லை. இடம் போதவில்லை என்று நான் இந்த நிரலைச் சுருக்கினேன். சோதிக்காமல் பழையதை அழித்துவிட்டேன். தப்பு என்னுடையது.'

நடத்துநர் இருமுறை படித்தார். சிரிப்பு போய்விட்டது. "திங்கட்கிழமைக்குள்ள ஆகுமா?" என்று மட்டும் கேட்டார். நாளை ஞாயிறு, நிறுவனத்தில் ஆள் இராது. அக்கா கைப்பேசியை எடுத்தார்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"கண்டக்டர் வந்திருக்காரு. நான் சுருக்கினதுல ப்ரோக்ராம் கெட்டுப்போச்சு. திரும்பப் போடணும், அஞ்சு ஜிபி வேணும். உன் வீடியோல கொஞ்சம் அழிக்கறேன்."

"அய்யோ, அதுல கை வைக்காத! அடுத்த வாரம் வரச்சொல்லு அவரை."

"திங்கட்கிழமை அவருக்கு டெஸ்ட்டுடா. வேலை போயிடும்."

"ஒரு வாரம் லீவு போடச் சொல்லுக்கா, பெரிய விஷயமா இது?"

"சரி, நான் பேரைச் சொல்றேன், நீயே எது வேண்டாம்னு சொல்லு. 'மழைக்காலம் ஒன்பது, மூக்கு'."

"அது இருக்கட்டும்."

"'மழைக்காலம் பத்து, பேனா கீழே விழுந்தது'."

"அதுல லைட்டிங் நல்லா இருக்கும்க்கா. வச்சிரு."

"'கடைசி மூணு, கொட்டாவி'."

"அது..." தம்பி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுவும் இருக்கட்டும். நல்ல சிரிப்பு வீடியோ. சரி, கூப்பிடறாங்க, வச்சிடறேன். அவர்கிட்ட நீயே எதாவது சொல்லிடு. உனக்குத்தான் பேசத் தெரியுமே."

தொடர்பு அறுந்தது. கொட்டாவி ஒருவருடைய இருபத்தாறு ஆண்டு உழைப்பைவிடப் பெரியது என்று தம்பி நிதானமாக எடை போட்டுச் சொல்லிவிட்டார். அக்கா எத்தனையோ தராசுகளுக்கு நிரல் எழுதியவர். இப்படியொரு எடையை அவர் கண்டதில்லை. வாயில் புளித்த நீர் ஊறியது. எழுந்து கைகழுவும் தொட்டியில் துப்பிவிட்டு வந்தார்.

பிறகு குறிப்பேட்டில் புதிய பக்கம் திறந்து எழுதினார்: 'உரிமையாளர் அனுமதி கேட்கப்பட்டது, மறுத்தார். என் பொறுப்பில் அழிக்கிறேன்.' நேரம் குறித்துக் கையெழுத்திட்டார். மழைக்காலத்தைத் தேர்ந்தார், வெளியான ஒன்றை விட்டு, பதினாறையும் அழித்தார். இடம் போதவில்லை. 'கடைசி' என்று தொடங்கிய வரிசையில் கொட்டாவி உட்பட இரண்டை அழித்தார். முப்பத்தோர் ஆண்டுகளில் செய்யாததைச் செய்கிறோம் என்ற நினைவு ஒவ்வொரு அழுத்தத்திலும் உறுத்தியது. சரி என்று ஒரு கணமும் தோன்றவில்லை. வெளியே எடுத்து வைக்க வேறு வட்டும் அங்கே இல்லை, வேறு வழியும் தோன்றவில்லை.

நிரலை நிறுவ நாற்பது நிமிடமாயிற்று. நடத்துநர் முன்னறைக்குப் போகாமல், அதே நாற்காலியில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அக்கா கருவியில் எழுதிப் பார்த்து, மீண்டும் படித்துப் பார்த்து, பிறகே அவர் காதில் பொருத்தினார்.

நடத்துநர் தலையை மெல்லத் திருப்பினார். "ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா?" என்றார். அவர் குரல் தானாகத் தணிந்திருந்தது.

"எண்ணெய் போடாத ஃபேன். உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரியுது."

"என் சத்தம் எனக்கே பயமா இருக்கு. இத்தனை நாளா பஸ்ல கத்திட்டா இருந்தேன்?"

"பக்கத்துத் தெரு வரைக்கும் டிக்கெட் கொடுத்திருப்பீங்க" என்றார் அக்கா. இருவரும் சிரித்தனர். ஆனால் போகும்போது நடத்துநர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அக்கா கேட்கவில்லை. புகாருக்கென்றாலும் அது அவர் உரிமை.

திங்கட்கிழமை காலையில் தம்பி வந்து கணினியைத் திறந்தார். "அக்கா, ரெண்டு ஜிபி காலி இருக்கே! இன்னும் சுருக்கினியா? மாநாட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்க அக்கா கையில கொடுத்தா எதுவும் பாதியாயிடும்னு."

"சுருக்கலை. உன் வீடியோல பதினெட்டை அழிச்சேன்."

தம்பியின் முகம் வெளுத்தது. "எதை?"

அக்கா குறிப்பேட்டை நீட்டினார். தம்பி பெயர்களைப் படித்தார். மூன்றாவது பெயரில் புருவத்தைச் சுருக்கினார். ஐந்தாவதில் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் என்னது?" என்றார் கடைசியில். சனிக்கிழமை அழிக்க விடாமல் காத்த கொட்டாவி, திங்கட்கிழமை அவருக்கு யார் பெற்ற பிள்ளையோ ஆகியிருந்தது. அவர் கத்தியிருந்தால் அக்காவுக்கு ஆறியிருக்கும். அவரோ குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

பதினொன்றரை மணிக்கு நடத்துநர் சீருடையில் உள்ளே வந்தார். "பாஸ்" என்றார், சாதாரணக் குரலில். "டாக்டர் பின்னாடி நின்னு கிசுகிசுத்தாரு, அதையும் சொல்லிட்டேன். பன்னெண்டரைக்கு வண்டியில ஏறணும். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்கா பேச வாய் திறக்கும் முன் தம்பி கேமராவோடு நின்றார். "சார், இப்படி வெளிச்சத்துல நில்லுங்க. 'இந்த நிலையத்தால என் வேலை பிழைச்சது'னு ஒரு வார்த்தை."

நடத்துநர் சொன்னார். விளக்கு சரியில்லை. மீண்டும் சொன்னார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது முறையும் சொன்னார். ஆறாவது முறை தம் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, கேமராவுக்கு நேராகப் பிடித்தார். "என் வேலை போக இருந்ததே இந்த நிலையத்தாலதான். தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டு, உக்காந்து சரி பண்ணிக் கொடுத்தது அக்கா. இதையும் போடுங்க."

"கட்" என்றார் தம்பி, முகம் மாறாமல். "அந்தப் பேப்பர் வேண்டாம் சார். முதல்ல இருந்து ஒரு தடவை."

"நீங்க கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அக்கா. நடத்துநர் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தம்பி கேமராவைக் கணினியில் செருகினார். ஆறு கோப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வட்டில் ஏறின. வெற்றிடம் அரை ஜிபியாகக் குறைந்தது. "ஒண்ணும் உருப்படியா வரலை. ஆனா இருக்கட்டும், எல்லாத்தையும் வச்சிரு" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் காதிலிருந்து, அளவெடுக்கப் பதித்த அச்சைக் கழற்றப் போனார். அக்கா ஆறாவது கோப்புக்கு மட்டும் நாளிட்டுப் பெயர் வைத்தார். மற்ற ஐந்தையும் குறிப்பேட்டில் எழுதி, எதிரே 'உரிமையாளர்: உருப்படியில்லை என்றார்' என்று குறித்து, ஒவ்வொன்றாக அழித்தார். இந்த முறை உறுத்தல் குறைவாக இருந்தது. அது குறைந்திருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.